இரண்டே முக்கால் மேட்டூர் பஸ்

கௌதள்ளி
18.11.2024

மைசூர் மண்டி மொஹல்லா சீதாலக்ஷ்மி அம்மாவுக்கு,

கௌதள்ளி பஸ் ஸ்டாப் டீக்கடை பாப்பம்மாள் எழுதுவது. நலமா என்று விசாரித்துவிட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று கொளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தாவது வரை படித்தவள், மறக்கவில்லை. ஆனால் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

கௌதள்ளியில் தினமும் மத்தியானம் 2.45க்கு மேட்டூர் பஸ் உண்டு என்று உங்கள் இன்டர்நெட் பிளாக்கில் எழுதியிருக்கிறீர்களாமே. இங்கே அப்படி ஒரு பஸ் கிடையாது. கடைசி மேட்டூர் பஸ் 12.20. அதை விட்டால் அடுத்த நாள் காலை 7.10. முப்பத்தொரு வருஷமாக இந்த ஸ்டாப்பில் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் ஒரு பஸ் வந்துபோக இது என்ன பெங்களூரா?

தினமும் இரண்டு பேராவது மைசூர்ப் பக்கமிருந்து ஒன்றரை மணிக்கு வந்து இறங்குகிறார்கள். என் பெஞ்சில் உட்காருகிறார்கள். "ஏனுங்க அக்கா, ரெண்டே முக்கா பஸ் இன்னும் வரலீங்களா?" வராது என்று சொன்னால் நம்புவதில்லை. போனைத் திருப்பி என் மூக்குக்கு நேரே காட்டுகிறார்கள். "இதுல போட்டிருக்குதுங்களே." முப்பத்தொரு வருஷம் இங்கேயே இருக்கிற நான் பொய், கைக்குள் இருக்கிற போன் மெய். நாலு மணிக்கு முகம் வாடும். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் அழும். பெண்களுக்கு என் வீட்டுக் கக்கூஸைத் திறந்துவிட வேண்டும். ஆறு மணிக்கு என் வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்து, மாதேஸ்வரன் மலைக்குப் போகிற ஏதாவது வண்டியில் ஏற்றிவிடச் சொல்ல வேண்டும்.

உங்கள் எழுத்துக்கு அடியில் பெயர், கதவு எண், சந்து, பின்கோடு எல்லாம் போட்டிருந்ததை ஒரு பையனிடம் கேட்டு எழுதி வாங்கினேன். போன் நம்பர் மட்டும் இல்லை. இருந்திருந்தால் கடிதம் எழுத வேண்டியிருக்காது. நேராகவே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

பாப்பம்மாள்


மண்டி மொஹல்லா, மைசூர்
26.11.2024

பாப்பம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் வலைப்பூ தொடங்கி எனக்கு வந்த முதல் கடிதம் இது. உறையைப் பிரிக்கும்போது இருந்த சந்தோஷம் இரண்டாவது வரி வரைக்கும் இருந்தது.

சில விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. நான் பஸ் ஆபீஸ் இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாகக் கோப்பு பார்க்கிறவள். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவோடு மைசூருக்கு வந்த குடும்பம். கன்னடத்தில் படித்தாலும் அம்மாவிடம் தமிழ் கற்றுக்கொண்டு எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டவள். நாற்பத்தொன்பதாவது பிறந்தநாளன்று துணிந்து தொடங்கினேன். ‘மௌனத்தின் ஜன்னல்’ என்பது வலைப்பூவின் பெயர். இது இலக்கியத்துக்கான இடம். பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போது அடியில் முழு முகவரி எழுதுவது வழக்கம், அதையே இங்கும் செய்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்று பக்கத்து நாற்காலி குருபிரசாத் இப்போதுதான் சொல்கிறார். வலைப்பூவை அமைத்துத் தந்தவர் அவர். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இதுவரை பதினான்கு எழுதியிருக்கிறேன். மழையைப் பற்றி, தனிமையைப் பற்றி, தேவராஜா மார்க்கெட் வெற்றிலையைப் பற்றி. அப்படிப் பதின்மூன்றையும் சேர்த்து நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் முப்பது நானே. நீங்கள் சொல்கிற ‘மேட்டூர் போகும் வழியில்’ மட்டும் பதினோராயிரம். முதலில் ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர் பாகு வாங்கிக்கொடுத்துவிட்டேன். அப்புறம் குருபிரசாத் ஒரு வரைபடம் காட்டினார். ஒருவர் அந்தப் பக்கத்தில் இருக்கும் நேரம் சராசரி இருபத்திரண்டு வினாடி. "மேடம், பஸ் டைம் பார்த்துட்டு ஓடிடறாங்க" என்றார். சிரித்தார் வேறு.

அந்தக் கட்டுரை அச்சில் பத்தொன்பது பக்கம் வரும். அதில் பஸ் ஒரே ஒரு வரி. மற்றது எல்லாம், ஒருவரைப் பார்க்க நான் போன கதை. பதினோராயிரம் பேரில் யாரைப் பார்க்கப் போனாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ‘ரிட்டர்ன் பஸ் எத்தனை மணிக்கு’ என்று ஏழு பேர் கேட்டார்கள். ‘ஏசி உண்டா’ என்று ஒருவர்.

பஸ் விஷயம். நீங்கள்தான் தவறாகச் சொல்கிறீர்கள். 2.45க்கு அந்த பஸ்ஸில் ஏறியவளே நான்தான். டிக்கெட்டைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன். பொய் எழுத எனக்கு அவசியம் இல்லை.

உங்கள் பெஞ்சில் உட்காருகிறவர்கள் அந்தக் கட்டுரையின் மீதியைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சீதாலக்ஷ்மி


கௌதள்ளி
4.12.2024

சீதாலக்ஷ்மி அம்மாவுக்கு,

டிக்கெட் இருக்கிறது என்று இவ்வளவு நீளத்துக்கு எழுதினீர்களே, அதில் தேதி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா? பாருங்கள். நான் சொல்கிறேன், அது அமாவாசையாக இருக்கும்.

அமாவாசைக்கு அமாவாசை மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டம் அலைமோதும். ஸ்பெஷல் விடுவார்கள். அதில் ஒன்று 2.45க்கு இங்கே நின்று, மலையேறி, பாலாறு வழியாக மேட்டூர் போகும். மாதத்தில் ஒரு நாள். எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்கள் என்றோ ஒரு நாள் வந்தீர்கள், ஏறினீர்கள், அது தினமும் ஓடுகிற பஸ் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டீர்கள். பக்கத்தில் ஒரு ஆளிடம் கேட்டிருக்கலாமே. என்னிடமே கேட்டிருக்கலாம், என் கடையில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்.

இருந்தீர்கள் என்று எப்படித் தெரியும் என்றால், முந்தாநாள் பரத் என்று ஒரு பையன் வந்தான். பஸ் வராது என்று சொன்ன கோபத்தில், என்னை மடக்குவதற்காகவே படித்துக் காட்டினான். "நிறுத்தத்தில் ஒரு வாயாடிப் பெண்ணின் டீக்கடை. டீ பாத்திரம் கழுவிய தண்ணீர் போல இருந்தது." இதை நீங்கள்தானே எழுதினீர்கள்? பதினோராயிரம் பேர் படித்தார்கள் என்று வேறு சொல்கிறீர்கள். என் டீயைக் குடித்துவிட்டு லாரிக்காரர்கள் ஓசூர் வரைக்கும் போய் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆறின பிறகு குடித்தால் அரண்மனை டீயும் அப்படித்தான் இருக்கும்.

மீதியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தள்ளித் தள்ளி நேரத்தை மட்டும் தேடுகிறார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கும் உங்களுக்கு. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

வரியை எடுங்கள்.

பாப்பம்மாள்


மண்டி மொஹல்லா, மைசூர்
12.12.2024

பாப்பம்மாள் அவர்களுக்கு,

டிக்கெட்டைப் பார்த்தேன். 2.10.2024. எங்கள் ஆபீஸ் காலண்டரில் அன்றைக்குக் காந்தி ஜெயந்தி, சிவப்பில் போட்டிருக்கும். விடுமுறை என்றுதான் கிளம்பினேன். அமாவாசைக்கு மலைக்குத் தனி பஸ் விடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தவறு என்னுடையது.

டீயைப் பற்றிய வரியை எடுத்துவிட்டேன். ‘வாயாடி’யை எடுக்கவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களையும் மறுபடி படித்த பிறகும் அதை எடுக்க மனசு வரவில்லை, மன்னியுங்கள்.

கட்டுரையின் கடைசியில் குறிப்பு சேர்த்திருக்கிறேன். ‘2.45 பஸ் அமாவாசை நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் விசாரித்துச் செல்லவும்.’ அதை எல்லாவற்றுக்கும் மேலே போட வேண்டும் என்கிறார் குருபிரசாத். தலைப்பையே ‘மைசூர் டு மேட்டூர் பஸ் டைமிங்ஸ்’ என்று மாற்றினால் இன்னும் இருபதாயிரம் பேர் வருவார்களாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஜனங்களுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுக்க வேண்டுமாம். அவருக்கு முப்பத்திரண்டு வயது, எல்லாம் தெரியும்.

அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஆபீஸ் முடிந்து வந்து, சமையல் முடித்து, கீழே கடைக்காரர்கள் ஷட்டர் இறக்கும் சத்தம் ஓய்ந்த பிறகு உட்கார்ந்து எழுதினேன். எழுத்துரு ஒட்டாமல் ஒருநாள் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. அதற்கு மேலே கொண்டுபோய் பஸ் நேரத்தை ஒட்டச் சொன்னால் எப்படி? என் வீட்டு வாசலில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதிப் போடுவது போல இருக்கிறது. குறிப்பு கடைசியில்தான் இருக்கும். படிக்கிறவர்கள் கடைசி வரைக்கும் படிக்கட்டும்.

சீதாலக்ஷ்மி


கௌதள்ளி
27.12.2024

அம்மா,

படிக்கவில்லை. கடைசி வரைக்கும் ஒருத்தரும் படிக்கவில்லை. இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை மனிஷா என்று ஒரு பெண் வந்தாள். இருபது, இருபத்தொன்று இருக்கும். மைசூரில் அவள் அம்மா மல்லம்மா கட்டட வேலை. பெண் நர்சிங் உதவியாளர் படிப்பு படித்திருக்கிறாள். மேட்டூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அடுத்த நாள் காலை எட்டு மணிக்குள் வந்து சேரச் சொல்லிக் கடிதம். ஒன்றரை மணிக்கு இறங்கினாள். தகரப் பெட்டி, புதுச் செருப்பு. 2.45 என்றாள். நான் சொன்னேன். கேட்டதும் அவள் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அவளும் போனைக் காட்டினாள், ஆனால் மற்றவர்கள் மாதிரி என் மூக்குக்கு நேரே காட்டவில்லை. "நான் எதாச்சும் தப்பாப் படிச்சிட்டேனுங்களா அக்கா?" என்று கேட்டாள்.

அவள் தப்பாகப் படிக்கவில்லை. நீங்கள் தப்பாக எழுதினீர்கள்.

என் வீட்டுக்காரர் நாலு லாரியை நிறுத்திப் பார்த்தார். தெரியாத ஆளோடு வயசுப் பெண்ணைக் காட்டு வழியில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் தங்கவைத்தேன். காலை 7.10க்கு ஏற்றிவிட்டேன். அவள் அங்கே போய்ச் சேர்ந்தது ஒன்பதரைக்கு மேல். இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மத்தியானம் அதே வழியாகத் திரும்பி வந்தாள். டீ குடித்தாள், டம்ளரைக் கழுவிக்கூட வைத்தாள். உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உங்கள் ஒன்பது நாள் வாக்கியம் நல்ல வாக்கியமாகவே இருக்கட்டும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு நம்பர்.

எழுதிக்கொள்ளுங்கள். கௌதள்ளியிலிருந்து மேட்டூருக்குக் காலை 7.10, 9.40, மத்தியானம் 12.20. அதற்கு மேல் இல்லை.

பாப்பம்மாள்


மண்டி மொஹல்லா, மைசூர்
6.1.2025

பாப்பம்மாள் அவர்களுக்கு,

மூன்று நாள் ஆபீஸுக்குப் போகவில்லை. ஜுரம் என்று சொன்னேன், ஜுரம் இல்லை.

கட்டுரையை அழித்துவிட்டேன். ஒரு வரி இல்லை, முழுவதையும். குருபிரசாத், "மேடம், வர்ற ஒரே பஸ்ஸையும் நிறுத்திட்டீங்களே" என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். இனி ‘மௌனத்தின் ஜன்னல்’ வழியாக யாரும் எட்டிப்பார்க்கப் போவதில்லை. யாருக்கும் நஷ்டமும் இல்லை. படிக்காததை அழித்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். காந்தி ஜெயந்தி என்று கிளம்பவில்லை. அன்று மஹாளய அமாவாசை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனேன். அந்த நாளில் போனால் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்த மாட்டார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. எழுதியதெல்லாம் அந்தக் கட்டுரையில் இருந்தது.

மனிஷா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் எழுதுங்கள். நான் போய்ப் பார்க்க வேண்டும். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

சீதாலக்ஷ்மி


கௌதள்ளி
17.1.2025

அம்மா,

பொங்கல் எல்லாம் முடிந்தது. பொறுமையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், உங்கள் கடிதத்தை மறுபடி பார்த்ததும் அந்தப் பொறுமை போய்விட்டது.

யார் உங்களை அழிக்கச் சொன்னது? நேற்றும் மூன்று பேர் வந்தார்கள். உங்கள் பக்கத்தை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். தப்பு ஊர் முழுக்கச் சுற்றுகிறது. சரியானது எங்கே என்று தேடினால் அங்கே ஒன்றுமே இல்லை. வழி தப்பாகச் சொன்னவர், மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிப்போனால், நடுரோட்டில் நிற்கிறவன் என்ன செய்வான்? கூப்பிட்டுச் சரியான வழியைச் சொல்ல வேண்டாமா?

யாரும் படிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை என்று கடிதத்துக்குக் கடிதம் அழுகிறீர்கள். என் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். நீங்கள் எழுதினதை நான் எங்கே படிப்பது? வருகிறவர்கள் என்னிடம் காட்டுவது ஒரு வரி, ஒரு தரம் இரண்டு வரி, அதில் ஒன்று என் டீயைப் பற்றி. கோபித்துக்கொள்வதற்கு முன்னால் படிக்கிற மாதிரி வைக்க வேண்டும்.

திரும்பப் போடுங்கள். நேரத்தை மேலே போடுங்கள், கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே உங்கள் மழையோ மௌனமோ எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கேட்க மாட்டேன்.

மனிஷா அம்மா வேலை செய்வது ரிங் ரோடு பக்கத்தில் ஏதோ புது அபார்ட்மெண்ட். அங்கே ஷெட்டில் இருக்கிறார்கள். மல்லம்மா நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பாப்பம்மாள்


மண்டி மொஹல்லா, மைசூர்
2.2.2025

பாப்பம்மாள் அக்காவுக்கு,

போட்டுவிட்டேன். முழுவதையும். நல்லவேளை, ஒரு நோட்டில் கையால் எழுதிவைத்திருந்தேன். மேலே உங்கள் மூன்று நேரங்கள், கொட்டை எழுத்தில். அடுத்து, ‘2.45 அமாவாசை அன்று மட்டும்’, அது சிவப்பில். தலைப்பில்கூட ‘பஸ் நேரங்களுடன்’ என்று சேர்த்துவிட்டேன். என் முதல் வாக்கியம் இப்போது ஆறாவது வரியில் இருக்கிறது. குருபிரசாத் ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் குடித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனிஷாவைப் பார்த்தேன். ஆட்டோவில் போகும்போது என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஷெட் வாசலில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் அந்த பிளாக் எழுதினவள் என்றேன். "பெரிய மனுஷங்க மாதிரி எழுதியிருந்தீங்க, நெசமாத்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க" என்றாள். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவளுடைய அம்மா எனக்கு உட்கார ஒரு சிமெண்ட் மூட்டையைத் துடைத்துப் போட்டார். இவ்வளவு மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

மனிஷா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மல்லம்மாவுக்குக் கன்னட எழுத்து மட்டும்தான் தெரியும். நேரத்தைக் கன்னடத்திலும் போட்டால் அம்மா தானே பார்த்துக்கொள்வாள் என்றாள். இருபத்தாறு வருஷம் கன்னடத்தில் கோப்பு எழுதுகிறவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? அன்றைக்கே போட்டேன்.

மேட்டூர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். அவள் தாமதத்துக்குக் காரணம் அவள் இல்லை, நான் பிரசுரித்த தவறான தகவல் என்று, என் பெயர், முகவரி எல்லாம் போட்டு. முழு முகவரி எழுதுகிற பழக்கம் இந்த ஒரு தடவை உதவியது. பதில் இன்னும் இல்லை. வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன், கோப்பை நகர்த்துவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

பார்வையாளர் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. சராசரி நேரம் இறங்கியிருக்கிறது. ஒன்பது வினாடி. மேலேயே எல்லாம் கிடைத்துவிடுகிறதே, கீழே எதற்கு வருவார்கள்? இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

சீதாலக்ஷ்மி


கௌதள்ளி
6.3.2025

சீதா அம்மிணிக்கு,

மறுபடியும் உங்களால்தான் தொந்தரவு. என்னவென்று கேளுங்கள்.

நேற்று மைசூர் முதல் பஸ்ஸில் மனிஷா வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியில் வேறொரு பெண் வேலையை விட்டுவிட்டாளாம், கூப்பிட்டுவிட்டார்கள். உங்கள் கடிதம் நாலும் அங்கே மேஜைமேல் இருக்கிறதாம், இனிமேல் எழுத வேண்டாம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்களாம். வெள்ளிக்கிழமைதான் சேர வேண்டும். "இந்தத் தடவ ரெண்டு நாளு முன்னாடியே கெளம்பிட்டேனுங்க அக்கா" என்றாள். அதே தகரப் பெட்டி.

9.15க்கு வந்தவள், 9.40க்கு ஏறிப் போயிருக்க வேண்டும். மழை தூறியது, கடைக்குள்ளே உட்காரச் சொன்னேன். போனை எடுத்து, மேலே நேரம் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் ஒருமுறை காட்டினாள். சரி என்றேன். கீழே என்னம்மா இருக்கிறது, அந்த அம்மா படிக்கவில்லை படிக்கவில்லை என்று என் உயிரை எடுக்கிறார்களே, கொஞ்சம் படி, கேட்போம் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் கன்னடப் பள்ளிக்கூடத்துப் பெண். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். உங்கள் வாக்கியமோ, தொடங்கினால் முடிகிறதா? ஒன்பது நாள் வாக்கியத்தைத் தாண்டவே எங்களுக்கு ஐந்து நிமிஷம். என் வீட்டுக்காரர் வந்து நின்றார். கீரைக்கட்டு இறக்க வந்த ஜடையன் உட்கார்ந்துவிட்டார். உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கையை ஆட்டி ஆட்டி மூத்தவள் எங்கே என்று கேட்ட இடத்தில் அவள் திக்கித் திக்கிப் படித்தாள். வெளியே ஹாரன் அடித்திருக்கிறான். யாருக்கும் கேட்கவில்லை. 9.40 போயேபோய்விட்டது. பஸ் வராமல் என் பெஞ்சில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தது போக, வந்த பஸ்ஸை விட்டுவிட்டும் உட்காரவைத்துவிட்டீர்கள். உங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

12.20 வரைக்கும் படித்தோம். மேட்டூரில் இறங்கி, தெருவைக் கண்டுபிடித்து, அக்கா வீட்டுப் பச்சை கேட்டுக்கு எதிரில் நீங்கள் நிற்கிறீர்கள். பஸ் வந்துவிட்டது. இந்த பஸ்ஸையும் விட அவள் என்ன பைத்தியமா? ஏறிவிட்டாள். போனும் அவளோடு போய்விட்டது. கடைசிப் பக்கம் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியிருக்கிற அந்தச் செப்டம்பர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காவிரிக் கலாட்டா, 2016. எல்லையில் பஸ் எல்லாம் நின்றுவிட்டது. பாலாற்றுச் சோதனைச் சாவடியில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். அதில் மேட்டூரிலிருந்து கிளம்பின உங்கள் அக்கா ஹம்ஸாவும் நின்றிருக்கிறார். மூன்று நாள் கழித்து வந்தவரிடம், அம்மாவை எடுத்த வீட்டு வாசலில் வைத்து, "நடந்தாவது வந்திருக்கலாமே" என்று கேட்டீர்கள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

நான் சொல்கிறேன், நம்புங்கள். போனைவிட எனக்கு இந்த ரோடு தெரியும். பாலாற்றிலிருந்து மலை வரைக்கும் நடக்க முடியாது. முழுக்கக் காடு, வளைவுக்கு வளைவு யானை நிற்கும். ஆம்பளைகளே நாலு பேர் சேர்ந்துதான் போவார்கள். அப்படியே மலை வந்திருந்தாலும் அங்கிருந்து மைசூருக்கு அன்றைக்கு வண்டி ஏது? உங்கள் அக்கா நடக்காததுதான் சரி. நடந்திருந்தால் அந்த வாரம் உங்கள் வீட்டில் இரண்டு சாவு. இதை யாராவது அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத்தான் பக்கத்தில் இருக்கிற ஆளைக் கேட்கிற வழக்கமே இல்லையே.

என் டீயை ஏன் ஆறவைத்தீர்கள் என்று இப்போது புரிகிறது. அப்படி ஒரு வீட்டுக்குப் போகிறவளுக்குத் தொண்டையில் எது இறங்கும்? டீ விஷயத்தை விட்டுவிட்டேன்.

அந்த கேட்டைத் திறந்து உள்ளே போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள். போயிருந்தால் பத்தொன்பது பக்கம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

மைசூரில் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் இங்கே 9.15. கடைக்கு வாருங்கள், சூடாக டீ போடுகிறேன், எதிரில் நின்று குடிக்கவைத்துத்தான் அனுப்புவேன். மேட்டூருக்கு 9.40. அது தினமும் ஓடுகிற பஸ், அம்மிணி. அமாவாசை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பாப்பம்மாள்